மணிக்கட்டு நலக் குழுவின் ஏகமனதான முடிவு

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு செய்த அடுத்த மகத்தான காரியம், எங்கள் பெங்களூரு அலுவலகம் ஸ்மார்ட் வாட்சுக்கு ஸ்ட்ராப் அளவு தேர்ந்தெடுத்ததுதான். அதற்கான கூட்டத்தில் உட்கார்ந்து காராபாத் சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஊழியர் 'நலன்' கருதி நிர்வாகம் ஆளுக்கொரு வாட்ச் கொடுத்தது. அதில் நாடி பதிவானால் வேலைக்கு வந்ததாக அர்த்தம், பதிவாகாவிட்டால் விடுப்பு. ஸ்ட்ராப் சின்னது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவில் கிடைத்தது. எங்கள் மேலாளர் விரூபாட்சப்பா உடனே 'மணிக்கட்டு நலக் குழு' அமைத்தார். குழு நூல் பிடித்து அவருடைய மணிக்கட்டை மட்டும் அளந்தது. நடுத்தரம். ஆகவே 'சமத்துவ' அடிப்படையில் எல்லோருக்கும் நடுத்தரம்.

பில் பிரிவு ஷராவதிக்குக் கை மெலிது. வாட்ச் வளையல் மாதிரி முழங்கை வரை போய்வந்தது. நாடி எங்கே பிடிபடும்? நாள் முழுக்கப் பில் போட்டவளை சிஸ்டம் 'வரவில்லை' என்று பதிந்து, விடுப்பை ஒவ்வொன்றாக விழுங்கியது. சொந்த ஊரான சாகராவில் அவள் தங்கைக்குக் கல்யாணம். பதறிப்போய் மேலாளரிடம் ஓடினாள்.

"சார், எனக்குச் சின்ன ஸ்ட்ராப் குடுங்க. இல்லன்னா கல்யாணத்துக்குப் போக லீவே மிஞ்சாது."

"நீங்கதான் இன்னிக்கு வரவே இல்லையேம்மா!"

"உங்க முன்னாடிதானே சார் நிக்கறேன்?"

"நிக்கறீங்க. சிஸ்டம் ஒத்துக்கணுமே! கையைக் கொஞ்சம் குண்டாக்கப் பாருங்க. பிஸிபேளேபாத்ல நெய் ஊத்திச் சாப்பிடுங்க."

என்ன ஒரு தாயுள்ளம்!

ஷராவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கைக்கு வந்தாள். பஜ்ஜி போட வாங்கியிருந்த வாழைக்காய் பையில் நீட்டிக்கொண்டிருந்தது. ஆத்திரத்தில் வாட்சைக் கழற்றி அதற்கு மாட்டினாள். நடுத்தரம் கச்சிதமாகப் பொருந்தியது. அடியில் பச்சை விளக்கு மினுங்கியது. நாடி 'துடித்தது'!

"இங்க பாருங்க சார், என்னைவிட இதுக்கு உடம்பு நல்லா இருக்கு" என்றாள் என்னிடம்.

மறுநாள் வாழைக்காயை நாற்காலியில் அமர்த்திவிட்டுச் சாகராவுக்குப் பஸ் ஏறினாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கல்யாணம் முடிந்து, மருதாணிக் கையில் சிரோட்டி இனிப்புப் பொட்டலத்தோடு அவள் திரும்பியபோது, விரூபாட்சப்பா எல்லோர் முன்னாலும் அவளைக் கூப்பிட்டார்.

"உங்க ரிப்போர்ட் அற்புதம்மா! நாடி ஒரே சீரு. டென்ஷனே இல்ல. சீட்டை விட்டு அசையல. எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. துணை மேலாளர் பதவி உங்களுக்குத்தான்!"

ஷராவதிக்கு மனசாட்சி உறுத்திவிட்டது.

"சார், அது நான் இல்ல. நான் ஊர்ல இருந்தேன். அது வாழைக்காய்."

அவளுக்கு வேலை போயிற்று என்றே நினைத்தோம். மேலாளர் அவள் நாற்காலியருகே போய், குனிந்து, வாட்ச் கட்டிய ஊழியரைத் தொட்டுப் பார்த்தார்.

"மெத்துன்னு இருக்கே?"

"பழுத்துடுச்சு சார்."

"பழுத்த அனுபவம்!" அவர் முகம் மலர்ந்தது. "சிஸ்டம் சொன்னா சொன்னதுதான். பதவி இதுக்கே. நீங்க இதுக்கு அசிஸ்டென்ட்டா இருங்கம்மா."

எல்லோரும் கைதட்டினோம். விரூபாட்சப்பா எப்படி மேலாளர் ஆனார் என்று எனக்கு நெடுநாளாக இருந்த சந்தேகமும் அன்றோடு தீர்ந்தது.