பஞ்சாமிர்தத்துக்கு ஒரு ஹெல்மெட்

முடியைச் சாமிக்குக் கொடுத்துவிட்டால் தலையையும் அவரே பார்த்துக்கொள்வார் என்று நம்புகிற ஆள் நான். நம்பினது தப்பில்லை. ஆனால் அவர் யார் மூலமாவது ஒன்றைக் கொடுத்தனுப்பினால், வாங்கி மாட்டிக்கொள்கிற புத்தி வேண்டும். அதுதான் எனக்கு இல்லை.

மகள் ரேவதி கோயமுத்தூரில் நர்ஸ். தலையில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அரண்டுபோய், போன வருஷம் எனக்கு ஒரு சைக்கிள் ஹெல்மெட் வாங்கி வந்தாள். பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில், எங்கள் தெருவில் அதுவரை ஒருத்தரும் அப்படி எதையும் போட்டதில்லை. ஒரே ஒரு நாள் போட்டேன். டீக்கடையில், "ஏனுங்ண்ணா, ராக்கெட்ட எங்க நிறுத்திப்போட்டு வந்தீங்க?" என்றார்கள். அன்றோடு அது ஆணியில் தொங்கியது. (மண்டை உடைந்தால் தையல் போடலாம், மானம் போனால் போட முடியுமா?)

ரேவதிக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று எப்போதோ நேர்ந்துகொண்டபடி பழனியில் மொட்டை போட்டு, சந்தனம் பூசி வந்தேன். அன்று சாயங்காலம் என் மனைவி சரோஜா ராமேஸ்வரம் புறப்பட வேண்டும். தெருப் பெண்கள் சேர்ந்து பிடித்த பஸ். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டும், நான் தள்ளிப்போட்டுக்கொண்டும் இருந்த ராமேஸ்வரம்.

பஸ் வருவதற்குள் நாலு வீட்டுக்குப் பஞ்சாமிர்தம் கொடுத்துவிடலாம் என்று சைக்கிளை எடுத்தேன். சரோஜா ஹெல்மெட்டை நீட்டினாள்.

"ஏனுங்க, இதப் போட்டுட்டுப் போங்க."

"சாமி சந்தனம் அழிஞ்சுரும் புள்ள."

"உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எப்படீங்க பஸ் ஏறுவேன்?"

"என்ற தலைய எனக்குப் பாத்துக்கத் தெரியாதா? நீ பையக் கட்டு."

ஆனாலும் வாங்கிக்கொண்டேன். மல்லாத்திப் பிடித்தால் அருமையான கூடை! டப்பாக்களை உள்ளே அடுக்கி, வாரை ஹேண்டில்பாரில் மாட்டி, முருகா என்று கிளம்பினேன்.

வாய்க்கால் பாலத்து வளைவில் ஹேண்டிலைத் திருப்பினால் திரும்பவில்லை. கூடை என் முழங்காலில் முட்டிக்கொண்டு நின்றது. சைக்கிள் நேராகப் போய்ப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் இடித்தது. நானும் இடித்தேன், தலையால்.

ஆஸ்பத்திரியில், சந்தனத்தை வழித்தால்தான் காயம் தெரியும் என்றார்களாம். "சாமி சந்தனமுங்க" என்று நான் கையால் மூடிக்கொண்டேனாம். டாக்டர் மலையாளத்தில், ஹெல்மெட் இல்லையா என்று சரோஜாவைக் கேட்டாராம்.

"இருந்துச்சுங்க டாக்டர். பஞ்சாமிர்தத்துக்குப் போட்டு உட்டிருந்தாருங்க."

உண்மைதான். ஒரு டப்பாகூட நசுங்கவில்லை.

'என்ற தலை' என்று பீற்றிக்கொண்டேனே, அதை யார் யார் சுமந்தார்கள் தெரியுமா? பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் சவாரியை விட்டுவிட்டு, ஸ்கேன் எடுக்கப் பாலக்காடு வரை தூக்கிப் போனார். அங்கே காய்ச்சலில் கிடந்த ஒரு பெரியவரை வராந்தாவுக்கு மாற்றி, அவர் கட்டிலை எனக்குக் கொடுத்தார்கள். ரேவதி லீவு போட்டு ஓடிவந்தாள். அவள் டியூட்டியையும் சேர்த்துப் பார்த்தது யார் பெற்ற பிள்ளையோ. வந்தவள் என் தலையைத் தடவி, "முடி எடுக்கற வேலைய முருகனே முடிச்சுக் குடுத்துட்டாருப்பா, நேராத் தையல்தான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிவந்திருந்தது.

பஸ்ஸிலிருந்து போன் வந்தது. "அக்கா, சன்னலோர சீட்டு உங்களுக்குன்னு காலியாவே வெச்சிருக்கறமுங்க."

"அதுல உங்க பைய வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு சரோஜா போனை வைத்தாள். என் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டாள். (திட்டியிருந்தால் தேவலை.)

இப்போது பால் வாங்கப் போனாலும் ஹெல்மெட்டோடுதான் போகிறேன், அதுவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. தலை சுற்றல் இன்னும் விடவில்லை. தூரப் பயணம் வேண்டாம் என்கிறார் டாக்டர். என்னைத் தனியே விட்டுப் போகச் சரோஜாவுக்கு மனசில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள், "ராமேஸ்வரம் போய் வந்துட்டீங்களாக்கா?" என்று கேட்டால் அவளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

"ஆச்சுங்க. இருவத்திரண்டு தீர்த்தமும் இவரு தலமாட்டுலயே ட்ரிப்ஸ் பாட்டில்ல தொங்குச்சுங்க. உக்காந்த எடத்துலயே பாத்துக் கும்புட்டுக்கிட்டேன்."