புளிக்காத அக்கா

2024 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து நாற்பது. தேனியில் நாங்கள் இருவர் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில் இட்லி தடைசெய்யப்பட்ட நேரம் அது. புளித்த மாவைக் கண்டு நடுங்கும் ஒரே மனிதப்பிறவியை இந்தப் பள்ளத்தாக்கு பெற்றிருக்கிறதென்றால், அது என் அறைத்தோழிதான். அவருக்கென ஒரு பெயர் உண்டு. தெருவில் அதை யாரும் பயன்படுத்தியதில்லை. ‘புளிக்காத அக்கா’ என்றால் பால்காரர் வரை அறிவார்.

அன்று நான் கண்விழித்தபோது, அக்கா கையுறை அணிந்து, மாவுப் பாத்திரத்தை உடலிலிருந்து இயன்றவரை தள்ளிப் பிடித்தபடி படியிறங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கார அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.

“இத நீங்களே வச்சுக்கங்கம்மா.”

“ஏன், கெட்டுப்போச்சா?”

“நல்லாப் பொங்கியிருக்கு. அதான் பயமா இருக்கு.”

அக்கா பல்கலைக்கழக ஆய்வகத்தில் புற்றுநோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களை ஆராய்ந்துவந்தார். எலியிடமிருந்து எடுத்த அந்த அணுக்களுக்குப் புற்றணுவை அடையாளம் கண்டு தாக்கக் கற்பித்து, உடற்சூடு மாறாத பெட்டியில், இளஞ்சிவப்பு ஊட்டநீரில் வளர்க்க வேண்டும். மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்தில் ஒன்றான ஈஸ்ட் அதனுள் புகுந்துவிட்டால், நீர் மோராகக் கலங்கி, வளர்த்ததெல்லாம் வீணாகும். முந்தைய மாலை அப்படித்தான் ஆகியிருந்தது, இரண்டாம் முறையாக. மூன்றாவதும் கலங்கினால் இந்த ஆய்வை மூடிவிடலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அக்காவின் இளமை முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

ஆகவே இட்லி, தோசை, ஆப்பம், ரொட்டி எல்லாம் விலக்கப்பட்டன. உப்புமா, பொங்கல், புட்டு மூன்றும் முறைவைத்து எங்களை ஆண்டன. தேவாலயத்தில் ஞாயிறு திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்கும்முன், அதில் புளிப்பு உண்டா என்று அக்கா பங்குத்தந்தையிடமே விசாரித்தார். பிறவிக் கத்தோலிக்கரான அவருக்கு விடை தெரியும். தெரிந்ததையும் சரிபார்ப்பது தொழிற்குணம். “எந்தக் காலத்துலயும் சேக்குறதில்லம்மா,” என்று பங்குத்தந்தை சொன்னதைப் பின்னால் நின்ற வீட்டுக்கார அம்மா கேட்டுவிட்டார். பெயர் அன்றே சூட்டப்பட்டது.

அக்காவின் தந்தை கம்பம் பக்கம் திராட்சை விவசாயி. ஒருநாள் கூடை நிறையப் பன்னீர்த் திராட்சையுடன் பேருந்திலிருந்து இறங்கினார். பழத்தின் தோலில் படிந்திருக்கும் வெண்பூச்சிலும் அந்த ஈஸ்ட் வாழும். எதிர்ச்சாரித் தேநீர்க்கடையிலேயே அவர் நிறுத்தப்பட்டார். உரையாடல் கைபேசியில் நடந்தது.

“ஏத்தா, உன்னயப் படிக்கவச்சதே இந்தப் பழந்தான்.”

“தெரியும்ப்பா. அங்கனயே நில்லுங்க. கையக் கழுவிட்டீகளா?”

“சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்.”

“கூடையச் சுமந்த சட்டைதான போட்டிருக்கீக?”

“அப்பச் சட்டையக் கழட்டிட்டு வரவா? கடையில எல்லாரும் பாக்குறாக.”

அக்கா அதையும் சற்று நேரம் பரிசீலித்தார். முடிவில் கடையிலிருந்தவர்கள் பழத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்த பேருந்து வரும்வரை, சாலையின் இருபுறமும் நின்று ஒருவரையொருவர் பார்த்தபடி, தந்தையும் மகளும் கைபேசியில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கி ஊரையே தூக்கத்தில் நடப்பதுபோல ஆக்கும் ஒரு நண்பகலில், மொட்டைமாடிக்குப் போனேன். கொடியில் அக்காவின் ஆய்வக வெள்ளைக் கோட்டு, ஆளில்லாமலே கைகளை விரித்துப் பறந்துகொண்டிருந்தது. அதன் கீழே வீட்டுக்கார அம்மா புளித்த கூழில் வற்றல் ஊற்றிக் காயவைத்திருந்தார். காற்று தணியும்போதெல்லாம் கோட்டின் கை இறங்கி, ஈர வற்றலை மெல்லத் தடவிவிட்டு எழுந்தது.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. “அக்கா, கோட்டு வத்தல்ல படுது,” என்று மட்டும் சொன்னேன்.

அக்கா மேலே வந்து பார்த்தார். தண்ணீர்த்தொட்டியின் நிழலில் உட்கார்ந்தார்.

“பாவம் புள்ள நீ. சும்மாவே உப்புமாத் தின்னுருக்க.”

“இதுதான் காரணமாக்கா?”

“இருக்கலாம்.”

இன்றுவரை அதற்குமேல் அவர் சொன்னதில்லை. கோட்டு அன்றுமுதல் ஆய்வகத்தைவிட்டு வெளியே வரவில்லை. தடையும் நீங்கவில்லை, ஒரு காரணம் அகப்பட்டதால் மற்றொன்று இல்லையென்று ஆகிவிடாதாம்.

மூன்றாம் வளர்ப்பைப் பார்க்கும் ஞாயிறன்று என்னையும் அழைத்துச் சென்றார். தனியாகப் பார்க்கத் துணிவில்லை என்பதை, “சும்மா வா, மலை நல்லாத் தெரியும்” என்று சொன்னார். மலையை நாங்கள் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து வளர்ப்புத் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். நீர் தெளிவாக, விடியற்கால வானத்தின் நிறத்தில் இருந்தது.

அதில் புற்றணுக்களைச் சேர்த்து, அவர் முதலில் நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். ஒலியே இல்லாத ஓர் உலகம். குளத்தின் அடியில் கிடப்பதுபோல் பெரிய புற்றணு ஒன்று கிடந்தது. சிறிய உருண்டைகள் எங்கிருந்தோ மிதந்து வந்து அதைத் தொட்டன, விலகின, திரும்ப வந்து ஒட்டிக்கொண்டன. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. பெரிய அணு குமிழிகுமிழியாக ஊதி, உடைந்து, அடங்கியது. என் தோளுக்குப் பின்னாலிருந்து அக்கா, கன்றுக்குட்டியிடம் பேசும் குரலில், “மெதுவா சாமி, மெதுவா,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், “பசிக்குது,” என்றார்.

“இட்லி சாப்பிடலாமாக்கா?”

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே ஆய்வாளர் முகமானது. “ஒருக்கா வந்தா நெசமான்னு யாருக்குத் தெரியும்? இன்னொருக்கா வரணும். நாளைக்கே புதுசா ஆரம்பிக்கணும்.” சிறிது தூரம் நடந்தபின், “நீ மாவு வாங்கிக்க புள்ள. எம்புட்டு நாளு பொறுத்திருக்க. நான் வெளிய சாப்ட்டுக்கிறேன்,” என்றார்.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். குளிர்பெட்டியில் மாவுப் பொட்டலங்கள் உப்பி நின்றன. ஒன்றை எடுத்தேன், எடுத்த இடத்திலேயே வைத்தேன். கடையோரக் குழாயில் முழங்கைவரை கழுவிக்கொண்டு, ரவை வாங்கி வந்தேன்.