திரையில் படுத்திருந்த சிறுத்தை

தங்கள் கண் நல்ல கண் என்று பீற்றிக்கொள்பவர்களைப் பார்த்தால் நான் ஒதுங்கிப் போய்விடுவேன். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பீற்றிக்கொண்டவன்தான்.

ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஃபெக்டரி வாசலில் எனக்குக் காவல் வேலை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகவும், சிறுத்தை வருகிறது என்று சொல்லி பின்பக்க மலையைப் பார்த்தபடி ஒரு கேமரா பூட்டினார்கள். காலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு முடிந்து ஆட்களை வேலைக்கு அனுப்புமுன் நான் திரையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் உயிர் என் கண்ணை நம்பி இருந்தது. என் மனைவி செல்வியும் அவர்களில் ஒருத்தி.

திரையோ பழையது. எந்நேரமும் புள்ளி புள்ளியாகக் கொதித்துக்கொண்டிருக்கும். முதல் வாரம் தலைவலி தாங்கவில்லை. பிறகு புள்ளிகள் குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் இல்லாமலே போய்விட்டன. திரை தானாகவே திருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். (அது அப்படியேதான் இருந்தது. திருந்தியது என் கண். புள்ளி என்றாலே வேண்டாத சமாச்சாரம் என்று கழித்துவிடப் பழகியிருந்தது.) திரையை விட்டுத் திரும்பினால் வெள்ளைச் சுவர் எறும்பு மொய்த்தது போல் நெளியும். சுண்ணாம்பு சரியில்லை என்று முடிவுகட்டினேன்.

மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஒருநாள் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னப்பா, ஒரே புள்ளியா இருக்கு. வேற டிவி கேக்கவா?"

"வேணாங்கய்யா. எனக்குக் கண்ணாடி மாதிரி தெரியுதுங்க."

அந்த வாரமே அது நடந்தது. பெண்கள் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் திரையைப் பார்த்தேன். தேயிலை, பாதை, பாறை.

"ஒன்னுமில்லைங்கய்யா, போகச் சொல்லுங்க."

கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் கூச்சல் கேட்டது. செல்விதான் முதலில் ஓடிவந்தாள். கூடையும் இல்லை, செருப்பும் இல்லை.

"பாறை மேல சிறுத்தைப்புலிங்க. தெரியாம கிட்டவே போயிட்டேன். என்னையப் பாத்து கொட்டாவி விட்டுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு."

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இப்பதான் வந்திருக்கும்ங்கய்யா" என்றேன்.

கண்டாக்கு ஐயா பதிவை ஓட்டினார். சுற்றி நின்ற எல்லாரும் ஒரே நேரத்தில் "அந்தா" என்றார்கள். எனக்கு மட்டும் பாறைதான் தெரிந்தது. செல்வி விரலால் திரையில் கோடு இழுத்தாள்.

"இந்தா முதுகு. இந்தா வாலு, ஆடுது பாருங்க."

அப்போதுதான் அந்தப் பாறையிலிருந்து ஒரு சிறுத்தை பிரிந்து வந்தது. நான் ஒன்றுமில்லை என்று சொன்னபோது அது நடுத்திரையில் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. உடம்பெல்லாம் புள்ளி உள்ள மிருகத்தைப் பிடிக்க, புள்ளியே தெரியாத கண்ணை உட்கார வைத்திருக்கிறார்கள். கட்டினவளை நானே அதன் முன்னால் அனுப்பியிருக்கிறேன்.

புதுத் திரை வந்தது. அதற்கு முன்னால் வேறு ஆளும் வந்தார்.

போன மாதம் எங்கள் மகளுக்கு ராகலையில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தேன். நல்ல பையன், ஒரு குறையும் தெரியவில்லை என்றேன். செல்வி உடனே அவளுடைய தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

"நீ ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாடா. இவரு ஒன்னுமில்லைங்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு."