ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அப்பா

மனிதரில் ஓர் இனம் உண்டு. கணக்குப் பரீட்சை என்றால் கண்ணில் படாது. வரலாறு என்றால் வெளியூர் போய்விடும். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து 'பிராஜெக்ட்' என்ற சொல் வந்து விழுந்ததோ, சட்டையைக் கழற்றிவிட்டு, ஸ்பேனரும் கையுமாய் நடு வீட்டில் உட்கார்ந்துவிடும். இதற்குப் பெயர் பிராஜெக்ட் அப்பா.

திருவொற்றியூர் டில்லிபாபுவையே எடுத்துக்கொள்ளுங்களேன். துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். மகள் கீர்த்தி ஒன்பதாம் வகுப்பு. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று ஒரு பாடம். தெருவில் ஒருவருடைய தொந்தரவைக் கண்டுபிடித்து, அது தீர ஒரு பொருள் செய்ய வேண்டும். கீர்த்தி, தெருமுனையில் மீன் விற்கும் மங்கம்மாவைப் பிடித்தாள். ஐஸ் உருகி வழிந்து அவர் புடவை நாள் முழுக்க ஈரம். பழைய டப்பாவிலும் டியூபிலும் தண்ணீர் வடியும் தட்டு ஒன்று செய்தாள். ஒழுகியது. இன்னொன்று செய்தாள். சாய்ந்தது. ஏன் என்று நோட்டில் படம் போட்டு எழுதிவைத்தாள்.

நம் ஆள் சும்மா இருப்பாரா?

"இன்னாமா இது, கலீஜா கீது? வுடு, நைனா பாத்துக்கறேன்."

"நான்தான் செய்யணும் நைனா!"

"நீதான் செய்யற. நான் சும்மா புடிச்சிக்கறேன்."

சும்மா பிடித்துக்கொண்டதில் ஸ்டீல் தகடு வந்தது, வெல்டிங் நடந்தது, நாலு கால் முளைத்தது, பெயின்ட் காய்ந்தது. கீர்த்திக்குக் கிடைத்த வேலை? அளவு டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது. கடைசியில், ஒழுகிய கதை வெளியே தெரிந்தால் மானக்கேடு என்று நோட்டில் அந்தப் பக்கங்களையும் கிழித்துப் போட்டார்.

பள்ளியில் பிராஜெக்ட் கண்காட்சியன்று ரேச்சல் மிஸ் நோட்டைப் புரட்டினார்.

"தப்பாப் போனதெல்லாம் எங்கே கீர்த்தி? பாதி மார்க் அதுக்குத்தானே?"

"எங்க பொண்ணு தப்பே பண்ணாது மிஸ்!" என்றார் டில்லிபாபு, பெருமையாக.

கீர்த்திக்கு அழுகை முட்டியது. அதற்குள், பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்ல வந்திருந்த மங்கம்மா தட்டைத் தூக்கப் பார்த்தார். அது அசைந்தால்தானே!

"யோவ் டில்லி! இத்தத் தூக்கினு நான் ஷேர் ஆட்டோல ஏறணுமா? இல்ல, ஹார்பர்லேர்ந்து கிரேனு இட்டாறியா?"

கூடமே சிரித்தது. கீர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள். 'முயற்சி மூன்று. செய்தவர்: அப்பா. கெட்டுப்போன காரணம்: மங்கம்மாக்காவைக் கேட்கவே இல்லை.'

மிஸ் இரண்டு முறை படித்தார். "இதுக்கு முழு மார்க். கிழிஞ்சு போன ரெண்டையும் திரும்ப எழுதி, நாலாவதையும் திங்கக்கிழமை கொண்டு வா."

நாலாவது? மங்கம்மாவின் தெர்மாகோல் பெட்டியிலேயே ஓர் ஓட்டை, ஒரு டியூப், கீழே ஒரு வாளி. புடவை நனையவில்லை. டேப்பின் மறுமுனையை டில்லிபாபு பிடித்திருந்தார், வாயை இறுக மூடிக்கொண்டு.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, தெரியும். ஆனால் 'ஸ்டீலுக்குப் பதில் அலுமினியத்தில் செய்திருந்தால் கனம் பாதியாகியிருக்குமே' என்று நடுவில் ஒருமுறை தோன்றியதா? அப்படியானால், அந்த ஸ்பேனரை முதலில் பிள்ளையிடம் கொடுங்கள்.