வாடகைப் பல்லும் உச்ச விலையும்

முதலில் கெடுத்தவன் மச்சான். இரண்டாவது வங்கி. மூன்றாவது பல் வைத்தியர். இந்த வரிசை மாறக் கூடாது என்பதில் பாய்லர்காரர் மிகக் கண்டிப்பானவர்.

இளம் வயதில் வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில் பாய்லர் பார்த்தவர் அவர். முப்பது வருஷம் கழித்து அந்தக் கம்பெனிக்குத் திடீரென்று மனசாட்சி வந்து, விட்டுப்போன சம்பளம் என்று இருநூறு டாலருக்கு ஒரு செக் அனுப்பியது. அது வந்த நேரம் அவர் வாயில் ஒரு பல்லும் இல்லை. பல் வைத்தியர் அச்செடுத்து, இருபத்தெட்டுப் பல் கொண்ட முழு செட்டைச் செய்து, கண்ணாடித் தம்ளரில் ஊறப் போட்டிருந்தார். செக்கை மாற்றினால் பல் விலைக்குக் கச்சிதமாக இருக்கும்.

அன்றைக்கே மாற்றியிருப்பார். மனைவியின் தம்பி குறுக்கே விழுந்தான்.

"அத்தான், டாலர் ஏறப் போகுது. இன்னைக்கு மாத்தறவன் முட்டாள்."

"எனக்கு மெல்லணும்டா மச்சான்."

"இருபது வருஷம் மெல்லப் போறீங்க. நாலு மாசம் பொறுக்கக் கூடாதா?"

அப்போது தெருவே டாலர் பார்த்துக்கொண்டிருந்தது. டாலரைக் கண்ணால் கண்டிராத முடிவெட்டுகிறவர்கூடப் பாதி மீசையில் கத்தரியை நிறுத்திவிட்டு அன்றைய விலையைச் சொன்னார். எல்லாரும் பொறுக்கச் சொன்னதால் பாய்லர்காரரும் கஞ்சி குடித்துக்கொண்டு பொறுத்தார். நாலு மாசத்தில் டாலர் நன்றாகவே ஏறியது. மார் நிமிர்த்திக்கொண்டு பல் வைத்தியரிடம் போனார்.

"பல்லும் ஏறிடுச்சுங்க ஐயா. மூலப்பொருள் வெளிநாட்டுச் சரக்கு."

"என் பல்லு நாலு மாசமா இதே தம்ளர்லதானே கிடக்கு?"

"தம்ளர்ல கிடந்தா வெளிநாட்டுச் சரக்கு உள்நாட்டுச் சரக்காயிடுமா?"

செக்குக்கோ ஆறு மாசம்தான் ஆயுள். பாய்லர்காரர் வங்கிக்கு ஓடினார். அயல்நாட்டுப் பிரிவு மூன்றாவது மாடியில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. பேசுவதற்கான ஓட்டை இடுப்பு உயரத்தில் இருந்ததால், வந்தவர்கள் எல்லாரும் அதிகாரியை வணங்கிய நிலையிலேயே பேசினார்கள்.

"இன்னைக்கு விலை நல்லா இருக்கு. மாத்திக் கொடுங்க தம்பி."

"இன்னைக்கு விலை இன்னைக்குப் பணத்துக்கு. உங்க கையில இருக்கறது காகிதம். அது கடல் தாண்டிப் போய், பணமாகித் திரும்பி வரணும்."

"வர்ற அன்னைக்கு என்ன விலை?"

"வந்தது எங்களுக்குத் தெரிய வர்ற அன்னைக்கு விலை."

"எப்பத் தெரிய வரும்?"

"தெரிஞ்சதும் தெரியும்."

சொல்லிக்கொண்டே அதிகாரி கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். படத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"இது நீங்க இல்லையே."

"நான்தாங்க."

"படத்துல இருக்கறவர் சிரிக்கறாரு, பல்லு இருக்கு. உங்களுக்கு இல்ல. பல்லோட வாங்க."

"பல்லு வாங்கத்தான் தம்பி இந்தச் செக்கே."

"நல்லது. வாங்கிட்டு வாங்க."

"வேற படம் எடுத்துத் தரட்டுமா?"

"தரலாம். பழைய படத்துல இருக்கறவர் நேர்ல வந்து சம்மதக் கையெழுத்துப் போடணும்."

பாய்லர்காரர் கத்திப் பார்த்தார். பல் போனால் சொல் போச்சு; கண்ணாடியில் எச்சில் தெறித்ததுதான் மிச்சம். அதைத் துடைப்பதற்கு ஒரு ஊழியர் இருந்தார்.

வேறு வழியில்லாமல் பல் வைத்தியரிடம் செட்டை வாடகைக்குக் கேட்டார். மணிக்கு இவ்வளவு என்று பேச்சு. சிரிக்கலாம், மெல்லக் கூடாது. பல்லுக்குக் காவலாக வைத்தியரே கடிகாரத்தைப் பார்த்தபடி கூட வந்தார். வரிசையில் நாலு மணி நேரம் ஆனது.

"சிரிங்க," என்றார் அதிகாரி. சிரித்தார். "இன்னும் கொஞ்சம்." இன்னும் கொஞ்சம் சிரித்தார். மூன்று அதிகாரிகள் வந்து ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை குத்தினார்கள். கோப்புக்கு வேண்டும் என்று அந்தச் சிரிப்பைப் படமும் எடுத்துக்கொண்டார்கள். படிக்கட்டிலேயே வைத்தியர் பல்லைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாசம் கழித்துக் கடிதம் வந்தது. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு, தங்கள் காசோலைக்கு இவ்வாண்டின் உச்ச விலையைப் பெற்றுத் தந்திருப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.' கீழே கழிவுகள்: அந்தக் கரை வங்கிக்கு, இந்தக் கரை வங்கிக்கு, இரண்டுக்கும் நடுவில் யாரும் கேள்விப்படாத ஒரு வங்கிக்கு, முகம் ஒப்பிட்டதற்கு, உச்ச விலை பெற்றுத் தந்ததற்கு. மிச்சம், பல் வாடகையில் மூன்றரை மணி நேரத்துக்குச் சரியாக இருந்தது.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்," என்றாள் மனைவி. தம்பியைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வங்கி வாசலில் ஆளுயரத் தட்டி ஒன்று முளைத்தது. அதில் பாய்லர்காரர் இருபத்தெட்டுப் பல்லும் தெரியச் சிரித்தார். 'உச்ச விலை பெற்ற மகிழ்ச்சி!'

தெருவே பழைய பெட்டிகளைக் கவிழ்த்து வெளிநாட்டுச் செக் தேடியது. கிடைத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். வரிசையின் தலைமாட்டில் மச்சான் மேசை போட்டு, எப்போது மாற்றலாம் என்று கட்டணத்துக்கு ஆலோசனை சொன்னான். பக்கத்தில் பல் வைத்தியர் தம்ளரோடு உட்கார்ந்து, கணக்குப் புத்தகப் படத்தில் சிரித்த பொக்கை வாய்க்காரர்களுக்கு அதே செட்டை வாடகைக்கு விட்டார். யார் வாய்க்கும் பொருந்தவில்லை, வங்கிக்குப் பொருந்தியது.

முடிவெட்டுகிறவரும் ஒரு செக்கோடு நின்றார். "அண்ணே, நிஜமாவே உச்ச விலையா?" என்று கேட்டார். ஏமாந்தேன் என்று தெருவில் சொல்லப் பாய்லர்காரருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

"உச்ச விலைதான்," என்றார். "ஆனா அவசரப்படாதே. இன்னும் ஏறும்."

வீட்டுக்கு வந்து நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்தார். மச்சான் தர வேண்டியது பன்னிரண்டு பல். வங்கி, பத்து. வைத்தியர், ஆறு.

இன்றுவரை ஒரு கடைவாய்ப் பல்கூடத் திரும்பி வரவில்லை.