இரண்டாவது டப்பா

வாளிக்குள் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து நின்ற அனிமேஷ் குண்டுவுக்குத் தலை சுற்றியது.

குண்டு என்பது குடும்பப் பெயர்தான், ஆள் ஒல்லி. கல்கத்தாவில் பெஹாலா பக்கம் மூன்றாவது மாடியில் வீடு. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வீட்டில் சுதேஷ்ணா என்று ஒரு மனைவி, வரவேற்பறையில் அறுபது லிட்டர் கடல். கண்ணாடித் தொட்டிக்குள் பாறை, பாறை மேல் கைக்குட்டை அகலத்துக்கு விரியும் ஒரு பவளம், அதைச் சுற்றி குச்சு, புச்சு என்று இரண்டு கோமாளி மீன். மீன் என்றால் கடுகு அரைத்துக் குழம்பு வைப்பதற்கு என்று நினைக்கிற ஊரில், மீனுக்கு வெந்நீர் போட்டு வளர்க்கிற ஒரே ஆள் என்று அந்தத் தெருவில் அவருக்குப் பெயர்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அலுவலகத்திலிருந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாளியைப் பார்த்தார். நீல வாளி. அவருடைய உப்புத் தண்ணீர் வாளி. சமையலறை வாசலில், சுதேஷ்ணாவின் காலடியில், குட்டி மோட்டார் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?"

"பாத்தா தெரியலையா? தண்ணி."

"உப்பு கலந்தியா?"

"கலந்துட்டேன். இருபது லிட்டர். தொட்டியில நத்தை செத்துப் போச்சு, தண்ணி கெட்டுப் போச்சு, நாளைக்கு மாத்தலைன்னா பவளம் போயிடும்னு ராத்திரியெல்லாம் புலம்புனீங்களே. நாமளும் ஒரு கை குடுப்போமேன்னு தோணுச்சு."

மூன்று வருஷமாக அந்தத் தொட்டிப் பக்கம் விரலை நீட்டாதவள்.

"இந்த உப்புப் பெறாத வேலைக்கெல்லாம் நீ எதுக்கு..."

"உப்புப் பெறாத வேலையா? அந்த உப்பு என்ன விலைன்னு எனக்குத் தெரியாதா?"

"சரி சரி. எந்த டப்பா?"

"ரெண்டாவது டப்பா காலியாயிடுச்சு. கழுவிக் கவுத்துட்டேன்."

தொட்டிக்குக் கீழே அலமாரியில் இரண்டு வெள்ளை டப்பாக்கள் இருக்கும். இரண்டிலும் கடல் உப்பு என்றுதான் எழுதியிருக்கும். முதல் டப்பாவில் இருப்பது உப்பு. இரண்டாவது டப்பாவில் இருப்பது சர்க்கரை.

இதை அனிமேஷ் யாரிடமும் சொன்னதில்லை. வாசகர்களும் மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். மனிதர் கொட்டி வம்சம். மேற்கு வங்கத்தில் பிறந்து வளர்ந்த பழங்குடும்பத்துக்காரர்களை அந்த ஊரில் கொட்டி என்பார்கள். பருப்பிலும் சர்க்கரை, பொரியலிலும் சர்க்கரை, மீன் குழம்பில்கூட ஒரு சிட்டிகை என்று கொட்டித்தான் சமைப்பார்கள். சுதேஷ்ணாவின் குடும்பம் பத்மா நதிக்கு அக்கரையில், கிழக்கு வங்கத்திலிருந்து வந்தது. அவளுக்கு மிளகாய் போதும். ஜூன் மாதம் டாக்டர், அனிமேஷுக்கு ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் இருநூற்றுப் பத்து என்று சீட்டில் எழுதிக் கொடுத்ததும், வீட்டிலிருந்த சர்க்கரை எல்லாம் ஒரே நாளில் வெளியேறியது. அத்துடன் அவள் ஒரு வாக்கும் கொடுத்தாள்: "வீட்டுக்குள்ள ஒரு பருக்கை சர்க்கரையைப் பாத்தேன்னா, பர்தமான்ல இருக்குற உங்க பெரியக்காவுக்கு ஒரு போன். வந்து ஆறு மாசம் உங்க சாப்பாட்டைப் பாத்துக்கட்டும்."

பெரியக்கா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. அனிமேஷுக்கு ஐம்பத்திரண்டு வயது, இன்னும் அக்காள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். அதனால்தான் ஒரு கிலோ சர்க்கரையை வாங்கி, மனைவி தொடவே தொடாத இடத்தில், தொடவே தொடாத டப்பாவில் போட்டு வைத்தார். "நீ படு, காலை டீயை நான் போடறேன்" என்று இரண்டு மாதமாக அன்பான கணவனாகவும் இருந்து வந்தார்.

இப்போது அந்த அன்பு வாளிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் பையை வைத்துவிட்டு முதல் டப்பாவைத் திறந்து பார்த்தார். நேற்றுப் பார்த்த அதே அளவு, அடியில் இரண்டு கைப்பிடி. அதிலிருந்து ஒரு சிட்டிகைகூடக் குறையவில்லை. ஆக வாளியில் விழுந்தது எதுவென்று சந்தேகமே இல்லை.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. அளவு சரியா இருக்கணுமே, அதான்."

"அதெல்லாம் உங்க குழலை வெச்சுப் பாத்துட்டேன். முப்பத்தஞ்சு, கடல்ல இருக்குற அளவு. கோடு அப்படியே நிக்குது. வேணும்னா நீங்களும் பாருங்க."

கண்ணாடி மேல் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்க்கிற சின்னக் குழலை அவள் நீட்டினாள். அனிமேஷ் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார். விஷயம் தெரிந்தவர் அல்லவா. அந்தக் குழல் உப்பைப் பார்க்காது, வெளிச்சம் வளைவதைத்தான் பார்க்கும். உப்பும் வளைக்கும், சர்க்கரையும் வளைக்கும். குழலுக்கு இரண்டும் ஒன்றுதான். பார்த்து என்ன ஆகப்போகிறது?

"வேணாம். நீ பாத்தா நான் பாத்த மாதிரி."

"அதிசயமா இருக்கே. உப்பு போட்டுச் சோறு திங்கிற மனுஷன், கஷ்டப்பட்டிருக்காளேன்னு ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார் அனிமேஷ். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மாடிப்படிக்குப் போய், தன்னைப் போலவே கடல் தொட்டி வைத்திருக்கும் பழைய சிநேகிதன் தபனுக்குப் போன் போட்டார்.

"தபன், ஒரு சந்தேகம். ஒருத்தன் தொட்டியில தெரியாம சர்க்கரைத் தண்ணி விழுந்துடுச்சுன்னு வை..."

"எவ்வளவு?"

"முக்கால் கிலோ இருக்கும்."

தபன் சொன்னான். "தொட்டி முழுக்கக் கிருமி பொங்கிடும்டா. தண்ணி பால் மாதிரி ஆயிடும். மீனுக்கு மூச்சு விடக் காத்து இருக்காது. காலைல ஊத்துனா சாயங்காலம் ரெண்டும் மிதக்கும். பவளம் அடுத்த நாள் கூழாப் போயிடும். யாருடா அந்த மடையன்?"

"எங்க ஆபீஸ்ல ஒருத்தன்."

"அவனைக் கூப்பிட்டு நல்லாத் திட்டு."

"திட்டிக்கிட்டுதான் இருக்கேன்," என்று சொல்லிப் போனை வைத்தார்.

உள்ளே வந்தபோது குச்சுவும் புச்சுவும் கண்ணாடி ஓரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எப்போதும் அப்படித்தான் செய்யும். ஆனால் அன்றைக்கு அது அவருக்குக் கெஞ்சுவது போல இருந்தது. பவளம் ஏற்கெனவே ஓரத்தில் சுருங்கியிருந்தது. அந்த மனிதர் அதுகள் மேல் உயிரையே வைத்திருந்தார், அதில் பொய் இல்லை.

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. சர்க்கரை என்று சொன்னால் மீன் பிழைத்துவிடும். ஆனால் ஆறு மாசம் அக்காள். வாயைத் திறந்தார்.

"என்னங்க?"

"பரங்கிக்காய் நல்லா இருக்கா?"

"நறுக்கும்போதே எப்படித் தெரியும்?"

முதலில் வாயில் வைத்துப் பார்த்துவிடுவோம், எதற்கும் உறுதி செய்துகொள்ளலாம் என்று நினைத்தார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து விரலை வாளிக்குள் விட்டு எடுத்தார். விரல் உதட்டுக்கு வருவதற்குள் குரல் வந்தது.

"கடல் உப்புல என்னென்னமோ மருந்து இருக்கும், வாயில வைக்கக் கூடாதுன்னு எதிர் வீட்டுப் பிள்ளைங்களையெல்லாம் நீங்கதானே விரட்டுவீங்க?"

"சூடு பாத்தேன்."

"உதட்டாலயா?"

அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு, "தண்ணி கொஞ்சம் கலங்கலா இருக்கு, கொட்டிட்டுப் புதுசாக் கலந்துடறேன்" என்றார். "ஒரு நாள் முழுக்கச் சுத்தணும், நடுவுல கை வைக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?" என்றாள். ஆறு மணிக்கு, "மோட்டார் சத்தம் தலை வலிக்குது" என்றார். "எனக்கு மூணு வருஷமா வலிக்குது" என்றாள். ஏழு மணிக்கு எதிர் வீட்டு மொல்லிகா அண்ணி வந்து வாசலில் நின்று, "சுதேஷ்ணா, எல்லாம் சரியா ஓடுது" என்று எதையோ சொல்லிவிட்டு, அனிமேஷைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அந்த மனிதர் இருந்த நிலையில் யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யோசிக்கிற தெம்பில்லை.

ஞாயிறு காலை வந்தது. அன்று டீயில் சர்க்கரை இல்லை. சுதேஷ்ணாவே போட்டுக் கொடுத்தாள். "இன்னைக்கு நீங்க படுங்க" என்று வேறு சொன்னாள்.

பத்து மணிக்கு அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொட்டி முன்னால் நின்றாள்.

"தண்ணி மாத்தணுமே. பத்தாச்சு."

"மாத்தணும்," என்றார் அனிமேஷ்.

"எதாவது சொல்லணுமா?"

"என்ன சொல்லணும்?"

"இல்ல, மூஞ்சி அப்படி இருக்கு. கேட்டேன்."

அவர் மீன்களைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சுவரில் மாலையுடன் தொங்கிய அப்பா படத்துக்குப் பக்கத்தில், மாலை இல்லாமல், உயிரோடு முறைத்துக்கொண்டிருந்த பெரியக்கா படத்தைப் பார்த்தார். அந்த நொடியில் அவருக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. சொல்லவும் வேண்டாம், ஊற்றவும் வேண்டாம். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது.

வாளியைத் தூக்கினார். மூன்று அடி நடந்தார். நான்காவது அடியில் மிதியடி இல்லாத இடத்தில் மிதியடி தடுக்கியது. "ஐயோ, என் இடுப்பு" என்று சொல்லிக்கொண்டே, முதலில் வாளியை விட்டார், பிறகு தானும் விழுந்தார். கொட்டி என்ற பெயருக்கு ஒரு குறையும் வைக்காமல் இருபது லிட்டரையும் கொட்டினார். தண்ணீர் சோபாவுக்கு அடியில் போய், நாளிதழ் கட்டை நனைத்து, வாசல்வரை ஓடியது. ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகவில்லை. இடுப்பு உண்மையாகவே வலித்தது, ஆனால் அவருக்கு அப்போது உலகத்தை ஜெயித்த மாதிரி இருந்தது.

"அடிபட்டுச்சா?" என்றாள் சுதேஷ்ணா. இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"என்னை விடு. தண்ணி போச்சே. நீ எவ்வளவு கஷ்டப்பட்டுக் கலந்தே." துக்கத்தில் முகத்தைத் துடைப்பவர் போலக் கையை வாய்ப்பக்கம் கொண்டுபோய், ஒரு விரலை நக்கிப் பார்த்தார். இனிக்கவில்லை. இன்னொரு விரலை நக்கினார். கரிக்கவும் இல்லை. உப்புச் சப்பில்லாமல் இருந்தது.

"என்னங்க, ருசி எப்படி?"

"இது..."

"குழாத் தண்ணி. கார்ப்பரேஷன் தண்ணி. வாளி ஒழுகுதான்னு பாக்க ஊத்தி வெச்சேன்."

"முப்பத்தஞ்சுன்னு சொன்னியே?"

"நான் கலந்த தண்ணி முப்பத்தஞ்சுதான். மொல்லிகா அண்ணி வீட்டுல, உங்க பழைய மோட்டார் போட்டு, நேத்து மதியத்துலேருந்து சுத்திக்கிட்டிருக்கு. நீங்க பாருங்கன்னு குழலை நீட்டினேனே, வாங்கிப் பாத்திருந்தா இந்த வாளியில பூஜ்யம்னு தெரிஞ்சிருக்குமே. ஏன் பாக்கல?"

அனிமேஷ் தண்ணீரில் உட்கார்ந்தபடியே ஏன் பார்க்கவில்லை என்று யோசித்தார். காரணத்தைச் சொன்னால் சர்க்கரையையும் சொல்ல வேண்டும், அதனால் பேச்சை மாற்றினார்.

"அந்த உப்பு ஏது?"

"கடைக்குப் போன் பண்ணி புது பாக்கெட் வாங்கினேன். உங்க ரெண்டாவது டப்பாவுல எறும்பு வரிசை கட்டி ஏறிக்கிட்டிருந்துச்சு. எறும்பு மொய்ச்ச உப்பு மீனுக்கு ஆகுமோ ஆகாதோ, நமக்கு என்ன தெரியும்? அதான் அதை விட்டுட்டேன்."

அவள் முகத்தில் ஒரு கீற்றுச் சிரிப்புகூட இல்லை. எதிர் வீட்டிலிருந்து மொல்லிகா அண்ணி ஒரு சிவப்பு வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து, ஈரத்தைத் தாண்டி வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்திருந்தவரை ஒரு சுற்றுச் சுற்றிப் போனாள். தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்து, இதமான சூட்டில் இருந்தது. அனிமேஷுக்குக் கண் கலங்கியது. குச்சு பிழைத்தது, புச்சு பிழைத்தது. அந்தச் சந்தோஷத்தில் மனிதர் வாயை அடக்கியிருக்கலாம்.

"அப்ப அந்த டப்பாவுல இருந்தது? அது எங்கே?"

சுதேஷ்ணா அவர் எதிரே குந்தி உட்கார்ந்தாள். கையில் மொபைல் போன் இருந்தது. பெரியக்காவின் பெயர் திரையில் தெரிந்தது.

"உப்புன்னா தூக்கிப் போட்டுட்டேன். சர்க்கரைன்னா பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன். அது எதுங்க?"

அனிமேஷ் அந்தப் பெயரைப் பார்த்தார்.

"உப்பு," என்றார்.

"அப்ப சரி," என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டு, துடைக்கிற துணியை அவர் மடியில் போட்டாள். "அரை மணி முன்னாடிதான் குப்பை வண்டி வந்து எடுத்துட்டுப் போச்சு."