மாமா, மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம்

கேமரன் மலை,
18.8.1977, வியாழன்.

மரியாதைக்குரிய சாம்பசிவம் மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகள் தாமரை வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், கோழிகள் ஐந்து, யாவரும் சுகம். அப்பாவின் முழங்கையும் சுகமாகிக்கொண்டு வருகிறது. முழங்கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதற்கு முறைப்படி பிறகு வருகிறேன். தாப்பாவில் வெயில் கடுமையா? தங்கள் ஆஸ்பத்திரியில் கூட்டம் எப்படி? இங்கே ஒரு வாரமாகத் தூறல். துவைத்த துணி எதுவும் காயவில்லை.

தங்கள் கடிதம் கிடைத்தது. இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்பு வாங்குகிறவருடைய லோரியில் வருவதாகவும், கியர் விழுந்தால் மோட்டார் எங்களிடமே இருக்கலாம், விழவில்லை என்றால் ஏற்றிக்கொண்டு போய்விடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அப்பா இரண்டு முறை படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார். "மச்சான் எழுத்துலயே திமிரு தெரியுது பாரு" என்றார். "எந்தம்பி எழுத்தக் கொற சொல்லாதீங்க. மூணு மாசமா அந்த மோட்டாருல கோழிதானே ஏறித் தூங்குது" என்றார் அம்மா. மாமா, உங்களுக்கு அது வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது உங்களிடம் விட்டுச் சென்ற பழைய மோட்டார் சைக்கிள். எனக்கு அதுதான் நூலகத்துக்கு வழி. சனிக்கிழமைதோறும் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து தானா ராத்தா டவுனுக்குப் போய் மூன்று புத்தகம் எடுத்து வருவேன். இந்த மூன்று மாதமும் பஸ் வரும் பெரிய சாலைவரை மூன்று மைல் நடந்தோம். ஒவ்வொரு முறையும் பஸ் தவறி, நாங்கள் போய்ச் சேரும்போது நூலகத்தைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய கதவின் கண்ணாடி வழியாகப் புத்தகங்களின் முதுகை மட்டும் படித்துவிட்டுத் திரும்பினேன். ஆகவே மோட்டார் லோரியில் ஏறக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கியர் மிதியை அழுத்தினால் அது திரும்பி வராமல் தொங்கிக்கொண்டிருந்தது அல்லவா, அதைத் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருக்கும் தங்கையா வந்து பார்த்து, "கியரு பெட்டியில ஒண்ணும் கோளாறு இல்ல வாத்தியாரே. மிதியத் திருப்பி இழுக்கிற ஸ்பிரிங்கு ஒடிஞ்சி போச்சி. கழட்டி மாட்டுனா ஆச்சுலா" என்றார். "அப்ப நீங்களே மாட்டிக் குடுங்கண்ணே" என்றார் அம்மா. அப்போது அப்பா, "நான் ஒருத்தன் இருக்கும்போது அவர எதுக்குத் தொந்தரவு பண்றே நவமணி?" என்று கேட்டார். எல்லாம் அந்த ஒரு கேள்வியில் தொடங்கியதுதான்.

பழைய மோட்டார்களைப் பழுது பார்ப்பது பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று என் பள்ளி நூலகத்தில் இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் இனிமேல் புத்தகம் கிடையாது என்று டீச்சர் சொல்லித்தான் தந்தார். அதனால் நான் புத்தகத்தை வீட்டு வாசலைத் தாண்ட விடவில்லை. கியர் மிதிப் படத்தின்மேல் மெல்லிய எண்ணெய்த்தாளை வைத்து, பென்சிலால் அப்படியே பார்த்து வரைந்து அப்பாவிடம் தந்தேன். உறுப்புகளின் பெயரை எழுதினால் படத்தின் அழகு கெடும் என்று எழுதவில்லை. நான் வாசற்படியில் நின்று பெயர்களைப் படிக்க, அப்பா கோழிக்கூண்டின் அருகே தாளைத் தரையில் விரித்துவைத்துக்கொண்டு வேலை செய்தார். ஸ்பிரிங் எங்கேயும் கிடைக்காததால் எலிப்பொறியில் இருந்ததை எடுத்து வளைத்துப் போட்டார். அது அச்சாகப் பொருந்தியது. மிதி "டக்" என்று திரும்பி வந்தது. அப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார், எனக்குப் பதின்மூன்று வயது ஆவதை மறந்துவிட்டு. பொறி இல்லாததால் அன்றைக்கே ஒரு எலி என் வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டு மன்னர்களைத் தின்றுவிட்டது. அதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை.

மறுநாள் காலை அப்பா தொப்பி போட்டுக்கொண்டு புறப்பட்டார். உங்கள் மோட்டாரில் முதல் கியருக்கு மிதியை மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும், உங்களுக்கே தெரியும். அப்பா தூக்கினார். மோட்டார் ஒரு குதி குதித்து நின்றது. "குளிருல எஞ்சின் வெறச்சிப் போச்சி" என்றார். நான்காவது முறை தங்கையா தள்ளிவிட, எப்படியோ கிளம்பித் தொழிற்சாலை மேட்டில் ஏறினார். பாதி மேட்டில் சக்தி போதாமல் கியரைக் குறைக்க மறுபடி தூக்கினார். கியர் குறையாமல் கூடியது. எஞ்சின் நின்று, அப்பாவும் மோட்டாரும் பின்பக்கமாகவே கீழே வந்து சேர்ந்தார்கள். சரி, இறக்கத்தில் போனால் என்ன என்று மறுபக்கம் திரும்பினார். வேகம் பிடித்ததும் கியரைக் கூட்ட ஓங்கி மிதித்தார். மோட்டார் வீலென்று கத்திவிட்டு நின்றது. அப்பா நிற்கவில்லை. தேயிலைச் செடிக்குள் போய்த்தான் நின்றார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காளியம்மா, "ஏய், வாத்தியாரு வேலைக்கு வந்துட்டாருடி!" என்று கத்த, இன்னொருவர், "ரெண்டு எல, ஒரு மொட்டுலா ஐயா! செடியோட புடுங்காதீங்க!" என்றார். முழங்கை விஷயம் இதுதான்.

அன்று மாலை எண்ணெய்த்தாளை எடுத்துப் பார்த்தேன். பென்சில் கோடு இருந்த பக்கம் சுத்தமாக இருந்தது, பின்பக்கம் முழுக்கக் கிரீஸ். அப்பா தாளைக் குப்புறப் போட்டு, ஊடே தெரிந்த கோட்டைப் பார்த்துத்தான் மாட்டியிருக்கிறார்! மிதியைக் கியரோடு இணைக்கும் சிறு இரும்புக் கை, மேல்நோக்கி இருக்க வேண்டியது, கீழ்நோக்கி இருக்கிறது. நான் பெயர்களை எழுதியிருந்தால் தலைகீழ் எழுத்தே காட்டிக்கொடுத்திருக்கும். நான் அழுதேன். அப்பா, "படம் நல்லாத்தாம்மா வரைஞ்சிருக்கே. அந்தப் பக்கமும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மாமா, கியர் விழுந்தால் என்றுதான் எழுதியிருந்தீர்கள். கியர் விழுகிறது. நான்கும் விழுகின்றன. விழும் திசை மட்டும் வேறு, அதைப் பற்றித் தங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை. அந்தக் கையைத் திருப்பி மாட்டினால் போதும். ஆனால் அந்தக் காலத்து வெள்ளைக்கார நட்டுக்கு இங்கே எந்த ஸ்பேனரும் சேரவில்லை, அப்பா குறடு போட்டு அதன் மூலைகளையும் மழுக்கிவிட்டார். ஆகையால் துரை உங்களிடம் தந்த ஸ்பேனர் பெட்டியோடு வாருங்கள், லோரி வேண்டாம். அப்பா இனி அந்த மோட்டாரைத் தொடுவதில்லை என்று அம்மா அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

சிறியவள் எழுதியதில் பிழை இருந்தால் பொறுத்து, கோபம் இருந்தால் பாதியை வழியிலேயே இறக்கிவைத்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
அ. தாமரை.

பின்குறிப்பு, 20.8.1977, சனி: கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை, நல்லதாகப் போயிற்று. இன்று காலை நான் நடக்கப் புறப்பட்டபோது அம்மா அப்பாவின் காக்கிக் காற்சட்டையைப் போட்டு, அதன்மேல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். "அன்னிக்கி நீங்க ஓட்டுனதப் பாத்துட்டுத்தான் இருந்தேன். தூக்குனா கூடுது, மிதிச்சா கொறையுது. இதுதானே நியாயம்? முன்ன இருந்ததுதான் தலகீழு" என்றார். "நவமணி, நீ சைக்கிள்கூட ஓட்டுனது இல்லயே!" என்றார் அப்பா. "அதான் எனக்கு மறக்க வேண்டியது ஒண்ணும் இல்ல. ஏறு தாமர!" மாமா, முதல் முறையிலேயே கிளம்பிவிட்டது! அப்பா "கிளச்சு, கிளச்சு" என்று கத்திக்கொண்டு இரண்டாவது வளைவுவரை பின்னாலேயே ஓடிவந்தார். காளியம்மாவும் மற்றவர்களும் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கைதட்டினார்கள். அம்மாவிடம் லைசென்ஸ் இல்லாததால் பெரிய சாலையில் மோட்டாரை நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் காத்திருந்து பஸ் பிடித்தோம். இதை நூலகத்துக்கு உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. அம்மா வெளியே யாரிடமோ மேட்டில் எப்படி ஏறினார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே ஸ்பேனர் பெட்டி வேண்டாம். அந்தக் கையை யாராவது திருப்பி மாட்டினால் அவருக்கு எங்கள் வீட்டில் சோறு கிடையாதாம், அம்மா சொல்கிறார். தம்பியாக இருந்தாலும் சரியாம். வரும்போது 'எல்' போட்ட பலகை இரண்டு மட்டும் வாங்கி வாருங்கள்.